எல்லாரும் வீட்டுக்காரர்களாகத் தெரிந்த நான்கு நாள்

“தம்பி, ஐயா நேத்து அனுப்புறேன்னு சொன்ன பத்திர நகல் இன்னும் வரலையே” என்று செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவர் போன் செய்தார். அப்பா பத்திர எழுத்தர். கும்பகோணத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் அவருடைய அலுவலகம். வரைவை மெயிலில் அனுப்பி, கட்சிக்காரர் படித்துச் சரி என்ற பிறகுதான் பதிவுக்கு நாள் பார்ப்பார். “ஸ்பாம் ஃபோல்டர்ல பாருங்கண்ணே” என்றேன். அதையும் பார்த்துவிட்டாராம்.

எங்கள் மெயில் சர்வர் வீட்டிலேயே இருக்கிறது. பரணுக்குக் கீழே, இன்வெர்ட்டர் பக்கத்தில் ஒரு பழைய மினி பிசி. டெபியன் 12 என்ற லினக்ஸ், மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்த மெயிலை நம் கைக்குக் கொடுக்கும் டவ்காட். அலுவலகத்துக்கென்று நிலையான ஐபி உள்ள இணைப்பு வாங்கி, மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் வாசலான 25ஆம் போர்ட்டைத் திறந்துவிடச் சொல்லி, ஐபியை வைத்து சர்வர் பெயரைக் கண்டுபிடிக்க உதவும் ரிவர்ஸ் டிஎன்எஸ் போட வைத்து, மூன்று வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தேன். சாதாரண வீட்டு இணைப்புகளில் பெரும்பாலும் வெளியே போகும் 25ஆம் போர்ட் அடைத்தே இருக்கும். அந்த அடைப்பை எவ்வளவு திட்டியிருப்பேன்! அது ஏன் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

சர்வரில் நுழைந்து மெயில்கியூ என்று அடித்தேன். வழக்கமாக ‘வரிசை காலி’ என்று ஒரே வரியில் பதில் வரும். அன்று திரை ஓட ஆரம்பித்தது, நிற்கவில்லை. கடைசி வரியில் 14,207 மெயில்கள் காத்திருப்பதாகக் கணக்கு. எங்கள் வீட்டில் மொத்தம் ஐந்து பேர், ஒரு நாளைக்கு எல்லாருமாகச் சேர்ந்து இருபது மெயில் அனுப்பினால் அதிகம். அனுப்புநர் இடத்தில் நான் கேள்வியே படாத முகவரிகள். பாதிக்குப் பாதி மெயிலர்-டீமன் அனுப்பும் ‘போய்ச் சேரவில்லை’ அறிவிப்புகள். அவையும் யாரோ திருடிப் போட்ட முகவரிகளுக்குத் திரும்பிப் போகக் காத்திருந்தன.

ஒன்றை போஸ்ட்கேட் வைத்துத் திறந்து பார்த்தேன். உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, கட்டணம் செலுத்த இங்கே அழுத்தவும் என்கிற வகை. வரிசையில் நிற்பவை இன்னும் போகாதவை. ஏற்கெனவே போனவை எத்தனை என்று, சர்வர் தன் நடவடிக்கைகளை எழுதி வைக்கும் லாக் ஃபைலில் ‘சென்ட்’ என்று முடியும் வரிகளை எண்ணினேன். ஆறாயிரத்துக்கும் மேல். எங்கள் ஐபியிலிருந்து, எங்கள் சர்வரின் பெயரைச் சொல்லிக்கொண்டு, ஆறாயிரம் பேர் வாசலுக்கு மோசடி போய்ச் சேர்ந்திருக்கிறது. கட்சிக்காரரின் மெயில் சேவை எங்களைக் கதவடைத்ததில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

என் சர்வர் ஓப்பன் ரிலே ஆகியிருந்தது. ரிலே என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஒரு மெயில் சர்வர் இரண்டு வேலைதான் செய்ய வேண்டும். யார் கொண்டுவந்தாலும் நம் வீட்டு முகவரிக்கான மெயிலை வாங்கிக்கொள்ள வேண்டும். நம் வீட்டு ஆள் கொடுத்தால் அதை வெளியே எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். யாரோ ஒருவர், வேறு யாரோ ஒருவருக்கு அனுப்பச் சொல்லிக் கொடுக்கும் மெயிலை நாம் சுமக்கக் கூடாது. சுமந்தால் அதுதான் ஓப்பன் ரிலே. 1982இல் ஜான் போஸ்டல், மெயில் சர்வர்கள் பேசிக்கொள்ளும் எஸ்எம்டிபி விதிகளை எழுதிய காலத்தில் அப்படிச் சுமப்பது மரியாதையாகவே இருந்தது. வழிப்போக்கர் படுக்க வீட்டுக்கு முன்னால் திண்ணை கட்டியது போல. தொண்ணூறுகளில் ஸ்பாம்காரர்கள் அந்தத் திண்ணையில் குடியேறினார்கள். 1998இல் வந்த சென்ட்மெயில் 8.9 என்ற மெயில் சர்வர் மென்பொருள் ரிலேயை இயல்பிலேயே அடைத்தது. அதே வருடம் வீட்ஸே வெனிமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் வெளிவந்தது. இன்றைக்கு டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுவினால் அது மூடிய நிலையில்தான் வரும். அப்படியானால் என்னுடையதைத் திறந்தது யார்? நான்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தினேன், வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடும் 25ஆம் போர்ட் ஃபார்வர்டை ரௌட்டரில் எடுத்தேன். இரண்டும் சரியான வேலைகள். நிறுத்தும்போது, நமக்கு வர வேண்டிய மெயில் போய்விடுமே என்று கை நடுங்கும். போகாது. அனுப்பும் சர்வர்கள் நம் சர்வர் கிடைக்காவிட்டால் தம் வரிசையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். நாலைந்து நாள் வரை முயலச் சொல்வதுதான் விதி. போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான கணக்கே ஐந்து நாள். ஒரு ராத்திரி முழுக்க அணைத்துப் போட்டாலும் ஒன்றும் குடி முழுகாது.

அடுத்தது வரிசையைக் காலி செய்வது. போஸ்ட்சூப்பர் கட்டளைக்கு மைனஸ் டி போட்டு ஆல் என்று அடித்தால் மொத்தமும் அழிந்துவிடும். விரல் அங்கே போய்விட்டது. ஆனால் அந்தப் பதினாலாயிரத்துக்குள் அப்பாவின் பத்திர நகல் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறதே. அதனால் சின்ன எழுத்து எச் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தேன். எங்கள் டொமைனிலிருந்து கிளம்பியவற்றை மட்டும் தேடினேன். ஏழு கிடைத்தன. அவற்றின் வரிசை எண்களைக் குறித்துக்கொண்டு, மற்றதை அழித்தேன். ஏழையும் அன்றைக்கு அப்பாவின் ஜிமெயில் கணக்கிலிருந்து அனுப்பினோம். “இத முதல்லயே இதுல அனுப்பியிருக்கலாமேடா” என்றார் அப்பா. பதில் சொல்லவில்லை.

சரி, எப்படி நடந்தது? லாகில் கண்ணைக் குத்திய விஷயம் ஒன்று இருந்தது. வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு இணைப்பும் 192.168.1.1 என்ற முகவரியிலிருந்து வந்ததாகப் பதிவாகியிருந்தது. அது எங்கள் ரௌட்டர். உலகத்தில் எந்த மூலையிலிருந்து யார் வந்தாலும் சர்வர் கண்ணுக்கு அவர் ரௌட்டராகத் தெரிந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை மாலைக்கு முன்னால் உள்ள லாகில் அப்படி இல்லை, அவரவர் ஐபி ஒழுங்காக இருந்தது.

வியாழன் ராத்திரி ஐப்பசி மழையோடு விழுந்த இடியில் பழைய ரௌட்டர் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மாலை இணைப்புக் கம்பெனி ஆள் வந்து புதுப் பெட்டி வைத்துவிட்டுப் போனார். நான் 25, 465, 587, 993 போர்ட்களைப் பழையபடி ஃபார்வர்ட் செய்தேன். மெயில் வந்தது, மெயில் போனது, வேலை முடிந்தது என்று எழுந்துவிட்டேன். சர்வரில் ஓர் எழுத்தைக் கூட மாற்றவில்லை. அதனால்தான் சந்தேகமே வரவில்லை.

பழைய ரௌட்டர் வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை உள்ளே அனுப்பும்போது போக வேண்டிய முகவரியை மட்டும் மாற்றும். புதியது வந்த முகவரியையும் அழித்துவிட்டுத் தன் முகவரியை எழுதியது. வீட்டுக்குள்ளிருந்தே வெளி ஐபியைக் கூப்பிட்டால் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக என்ஏடி லூப்பேக் என்று ஒரு வசதி வைப்பார்கள். உள்ளிருந்து வருபவர்களுக்கு மட்டும் செய்ய வேண்டிய முகவரி மாற்றத்தை இந்தப் பெட்டி எல்லாருக்கும் செய்தது. கல்யாண மண்டப வாசலில் ஒருவர் நின்றுகொண்டு, வருகிற போகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து “நம்ம ஆளுதான்” என்று பந்தியில் உட்கார வைத்தால் எப்படியிருக்கும்? பரிமாறுகிறவர் இலை போடத்தான் செய்வார்.

பந்தியில் கேள்வி கேட்காமல் இலை போடும்படி எழுதி வைத்தவன் நான். போஸ்ட்ஃபிக்ஸின் மெயின்.சிஎஃப் ஃபைலில் மைநெட்வொர்க்ஸ் என்று ஒரு வரி உண்டு. அதில் இருக்கும் முகவரிகளிலிருந்து வருபவர் பாஸ்வேர்டு சொல்ல வேண்டாம், எங்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்பலாம். டெபியன் நிறுவும்போது அதில் 127 என்று தொடங்கும், சர்வர் தன்னையே குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் முகவரியும் அதன் ஐபிவி6 வடிவங்களும் மட்டும்தான் இருக்கும். நான் அதன் பக்கத்தில் 192.168.1.0/24 என்று சேர்த்திருந்தேன். அதாவது வீட்டு நெட்வொர்க் முழுவதும்.

ஏன் சேர்த்தேன் என்று நினைவில்லை. என் குறிப்பு நோட்டில் தேடினேன். இரண்டு வருடத்துக்கு முந்தைய பக்கத்தில், பென்சிலில்: ‘பிரின்டர் ஸ்கேன் போகலை. 504. மைநெட்வொர்க்ஸ்ல லேன் சேத்தாச்சு. ஓகே.’

அவ்வளவுதான். முன்னறையில் ஒரு பிரின்டர் இருக்கிறது, ஸ்கேன் செய்து நேராக மெயிலில் அனுப்பும். இணைப்பை மறையாக்கும் நவீன டிஎல்எஸ் அதற்குத் தெரியாது, பாஸ்வேர்டு சொல்லி உள்ளே வரும் வசதியும் ஒழுங்காக இல்லை. 25ஆம் போர்ட்டில் வந்து மெயிலைக் கொடுக்கத்தான் தெரியும். 504 என்ற பிழை எண் ரிலே மறுப்பே அல்ல. அந்தப் பிரின்டர் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்போது முழு ஹோஸ்ட் பெயரைச் சொல்லாமல் ஏதோ எழுத்தும் எண்ணும் கலந்த பெயரைச் சொன்னது. ஹெலோ சொல்லும்போது முழுப் பெயர் வேண்டும் என்று ஸ்பாமுக்காக நான் வைத்திருந்த விதி அதைத் தள்ளியது. மைநெட்வொர்க்ஸில் லேனை, அதாவது வீட்டு நெட்வொர்க்கை, சேர்த்ததும் அந்த விதி உட்பட எல்லாமே தளர்ந்தது. பிரின்டர் வேலை செய்தது. வேலை செய்ததால் ஏன் என்று நான் கேட்கவில்லை.

இதில் என்னை நானே மன்னிக்க முடியாத இடம் எது தெரியுமா? பிரின்டர் ஸ்கேனை அனுப்புவது அப்பாவின் முகவரிக்கு மட்டும். அது எங்கள் டொமைன். எங்கள் டொமைனுக்கு வரும் மெயிலை சர்வர் யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்ளும். ரிலே அனுமதியே அதற்குத் தேவை இல்லை! தேவையே இல்லாத ஓர் உரிமையை, ஒரு பிரின்டருக்காக, வீட்டிலுள்ள டிவி, போன், விருந்தாளியின் லேப்டாப் எல்லாவற்றுக்கும் கொடுத்து வைத்திருந்தேன். ரௌட்டர் மாறாமல் இருந்திருந்தாலும், வைரஸ் பிடித்த ஒரு விருந்தாளி லேப்டாப் போதும் இதே கூத்து நடக்க.

இப்போது அந்த வரியில் லோக்கல்ஹோஸ்ட் தவிர வேறு எதுவும் இல்லை. பிரின்டருக்கு 192.168.1.40 என்று நிலையான முகவரி கொடுத்து, ஹெலோ விதிகளின் பட்டியலில் மட்டும் அந்த ஒரு முகவரிக்கு விலக்கு எழுதினேன். போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு பட்டியலில் கொடுக்கும் ‘பெர்மிட்’ அந்தப் பட்டியலோடு முடிந்துவிடும், அடுத்த பட்டியலுக்குப் பரவாது. ஹெலோவில் விலக்கு வாங்கியவர் ரிலே பட்டியலில் மறுபடி கேள்விக்கு ஆளாவார். இது புரிந்திருந்தால் அன்றைக்கே ஐந்து நிமிட வேலை.

ரிலேக்கென்று தனிப் பட்டியல் 2013இல் வந்த போஸ்ட்ஃபிக்ஸ் 2.10இல் சேர்ந்தது: எஸ்எம்டிபிடி ரிலே ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ். அதற்கு முன் ரிலே விதியும் ஸ்பாம் விதியும் ஒரே பட்டியலில் கிடந்ததால் ஸ்பாமுக்காக ஏதோ ஒரு விலக்கை எழுதப் போய் ரிலேயைத் திறந்துவிட்டவர்கள் நிறைய. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்களை அப்படியே ஒட்டினால் இன்றும் அந்த வம்பு உண்டு. என் பட்டியலில் மூன்றே சொற்கள்: மைநெட்வொர்க்ஸுக்கு அனுமதி, பாஸ்வேர்டு சொல்லி வந்தவருக்கு அனுமதி, மற்றபடி நமக்குச் சேராத முகவரி என்றால் ரிஜெக்ட். இயல்பில் கடைசி இடத்தில் ரிஜெக்டுக்குப் பதில் டிஃபர் இருக்கும். அப்போது வெளியாருக்கு 454 என்று தற்காலிக மறுப்பு போகும். தப்பாக எழுதிவிட்டால் மெயில் நிரந்தரமாகத் தொலையாமல் இருக்கட்டும் என்ற கருணை அது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு நான் ரிஜெக்டுக்கு மாற்றினேன். 554 என்று முகத்தில் அடித்தாற்போல் போகும்.

வீட்டு ஆட்கள் இப்போது வீட்டுக்குள் இருந்தாலும் பாஸ்வேர்டு சொல்லித்தான் அனுப்புகிறார்கள். 465 அல்லது 587ஆம் போர்ட், டிஎல்எஸ்ஸோடு. 25ஆம் போர்ட்டில் பாஸ்வேர்டு கேட்கும் வசதியையே அணைத்துவிட்டேன், அதை மாஸ்டர்.சிஎஃப் ஃபைலில் அந்த இரண்டு போர்ட்களுக்கு மட்டும் திறந்தேன். 25 என்பது சர்வரும் சர்வரும் பேசிக்கொள்ளும் வாசல், அங்கே மனிதர்களுக்கு வேலை இல்லை. கூடவே, உள்ளே வந்தவர் தன் முகவரியில்தான் அனுப்பலாம், அடுத்தவர் பெயரைப் போட்டு அனுப்பக் கூடாது என்ற விதியையும் சேர்த்தேன்.

கணக்குகளைச் சரிபார்த்தபோது ‘டெஸ்ட்’ என்று ஒரு கணக்கு கண்ணில் பட்டது. முதல் வாரத்தில் உருவாக்கியது. அதன் பாஸ்வேர்டை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீங்கள் முதலில் ஊகிப்பது சரியாகத்தான் இருக்கும். லாகில் தினமும் யார் யாரோ அட்மின், இன்ஃபோ, ஸ்கேன், டெஸ்ட் என்ற பெயர்களில் முட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த வழியாக யாரும் நுழைந்த தடயம் இல்லை. அதிர்ஷ்டம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ரிலேயை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பாஸ்வேர்டு பறிபோனால் அவர் வீட்டு ஆள் ஆகிவிடுவார்.

நான்கு நாளில் எனக்கு அறிகுறி ஒன்றுமே தெரியவில்லையா என்று தம்பி கேட்டான். தெரிந்தது. சனிக்கிழமையிலிருந்தே என் இன்பாக்ஸில் குப்பை கூடியிருந்தது. தீபாவளித் தள்ளுபடி சீசன், அப்படித்தான் இருக்கும் என்று அழித்துக்கொண்டிருந்தேன். உண்மையில், வருபவரின் ஐபியை, ஸ்பாம் அனுப்பும் ஐபிகளின் கறுப்புப் பட்டியலோடு ஒப்பிட்டுத் தள்ளும் சோதனை அன்றிலிருந்து ஓடவே இல்லை. அது பெர்மிட் மைநெட்வொர்க்ஸுக்குப் பின்னால் இருந்தது, எல்லாரும் அதற்கு முன்பே உள்ளே போய்விட்டார்கள். லாகைப் பார்த்து, முட்டுபவர்களின் ஐபியைத் தடை செய்யும் ஃபெயில்டுபேன் நிறுவியிருந்தேன், அதுவும் வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அதிலும் வீட்டு நெட்வொர்க்கைக் கண்டுகொள்ளாதே என்று எழுதியிருந்தேன். எழுதாமல் இருந்திருந்தாலும் லாபமில்லை, ரௌட்டரையே தடை செய்து உலகம் முழுவதையும் வெளியே நிறுத்தியிருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஒரு முகவரியிலிருந்து நிமிடத்துக்கு இத்தனை மெயில்தான் என்று போஸ்ட்ஃபிக்ஸில் வரம்பு வைக்கலாம். வைத்திருந்தேன். ஆனால் அந்த வரம்பிலிருந்து விலக்குப் பெற்றவர் யார் என்பதற்கான இயல்பான பதில், மைநெட்வொர்க்ஸ். ஆக அந்த ஒரு வரியில் நான் எழுதிய நம்பிக்கை, ரிலே, ஹெலோ, கறுப்புப் பட்டியல், வேக வரம்பு என்று நாலு கதவையும் ஒரே சாவியில் திறந்து வைத்திருந்தது.

லாகைப் பின்னோக்கிப் படித்ததில் ஞாயிறு அதிகாலை மூன்று மணி வாக்கில் ஒரே ஒரு மெயில், ஒரே ஒரு பெறுநருக்குப் போயிருந்தது. அதுதான் தட்டிப் பார்த்தது. இப்படித் தேடுபவர்கள் கண்ணில் படும் ஐபிகள் வழியாகவெல்லாம் தங்களுக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பார்ப்பார்கள். எது வந்து சேருகிறதோ அந்த வாசல் திறந்திருக்கிறது. ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை, வெள்ளம் தொடங்கிவிட்டது.

இனி சோதனை. இதை வீட்டுக்குள் உட்கார்ந்து செய்தால் பயனே இல்லை, வெளியிலிருந்து செய்ய வேண்டும். மொபைல் டேட்டாவில் 25ஆம் போர்ட் பெரும்பாலும் போகாது. சென்னையில் சொந்த சர்வர் வைத்திருக்கும் நண்பன் ஒருவனைப் பிடித்தேன். கட்டளைகளைக் கையால் அடித்துப் பேச உதவும் டெல்நெட்டில் எங்கள் 25ஆம் போர்ட்டுக்கு வந்து, ஹெலோ சொல்லி, மெயில் ஃப்ரம் என்ற இடத்தில் ஏதோ ஒரு முகவரி, பெறுநரைச் சொல்லும் ஆர்சிபிடி டூ என்ற இடத்தில் எங்கள் டொமைனுக்குச் சம்பந்தமில்லாத அவனுடைய இன்னொரு முகவரி. இந்த இடத்தில் வரும் பதில்தான் எல்லாம். 250 வந்தால் திறந்திருக்கிறது. ‘ரிலே அக்சஸ் டினைட்’ என்று 554 அல்லது 454 வந்தால் மூடியிருக்கிறது. அவன் முதல் தடவை அவசரத்தில் என் முகவரியையே பெறுநராகப் போட்டுவிட்டு “டேய், 250 வருதுடா” என்று அலறினான். அது வரத்தான் வேண்டும், அதுதான் எனக்கு மெயில் வரும் வழி. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். அனுப்புநராக என் டொமைனையே போட்டும் பார்க்கச் சொன்னேன். மெயில் ஃப்ரம் என்பது யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளும் பெயர், அதைப் பார்த்து அனுமதிக்கும் சர்வரும் ஓப்பன் ரிலேதான். நடுவில் சதவீதக் குறி போட்டு வெளி முகவரியை எங்கள் டொமைனுக்குள் ஒளித்துவைக்கும் பழைய தந்திரத்தையும் முயன்றான். எல்லாம் 554. ஆள் கிடைக்காதவர்களுக்கு எம்எக்ஸ்டூல்பாக்ஸ் மாதிரியான தளங்கள் வெளியிலிருந்து தட்டிப் பார்த்துச் சொல்கின்றன.

ரௌட்டரில் என்ஏடி லூப்பேக் டிக்கை எடுத்ததும் லாகில் அவரவர் ஐபி மறுபடி தெரிய ஆரம்பித்தது. பதிலுக்கு, வீட்டு வைஃபையில் இருக்கும் போன்களால் சர்வரை அதன் பெயரில் கூப்பிட முடியவில்லை. வீட்டு டிஎன்எஸ் வேலையைப் பார்க்கும் பை-ஹோலில் அந்தப் பெயருக்கு உள் முகவரியை எழுதியதும் சரியாயிற்று.

என் கதையைக் கேட்டு நண்பனும் தன்னுடையதைச் சொன்னான். ஜிமெயிலுக்கு மெயில் போக வேண்டும் என்று ரிலே டொமைன்ஸ் என்ற வரியில் ஜிமெயில் டொமைனை எழுதியிருந்தானாம். அந்த வரிக்கு அர்த்தம் ‘இந்த டொமைனுக்கு யார் கொடுத்தாலும் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்’ என்பது. வீட்டு சர்வருக்கு அந்த வரி காலியாகவே இருக்கலாம். மெயில் சர்வரைக் கன்டெய்னர் என்ற தனிப் பெட்டிக்குள் வைத்து டாக்கரில் ஓட்டுபவர்கள் என் கதையைத் தங்கள் கதையாகவே படிக்கலாம்: கன்டெய்னருக்கு ஐபிவி6 இல்லாமல் இருந்து வெளியார் ஐபிவி6 வழியாக வந்தால், அவர் 172.17.0.1 போன்ற டாக்கரின் உள் முகவரியாகத் தெரிவார். வெளியூர் விபிஎஸ் (வாடகை சர்வர்) ஒன்றிலிருந்து வயர்கார்டு என்ற விபிஎன் சுரங்கம் போட்டு வீட்டுக்கு மெயில் கொண்டுவருபவர்கள், அங்கே வந்தவர் முகவரியை மறைத்துத் தன் முகவரியைப் போடும் மாஸ்கரேட் விதி போட்டிருந்தால், அதே பொய்தான் வேறு எண்ணில் வரும். அதைத் தவிர்க்க ஹெச்ஏபிராக்சி என்ற இடைத்தரகு மென்பொருளை வைத்து, உண்மையான ஐபியைச் சேர்த்து அனுப்பலாம். போஸ்ட்ஃபிக்ஸுக்கு அதைப் படிக்கத் தெரியும்.

கறுப்புப் பட்டியல்களிலிருந்து மீண்டதுதான் நீளமான வேலை, ஆனால் சொல்ல அதிகம் இல்லை. ஓட்டையை அடைத்த பிறகுதான் நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், முன்னால் கேட்டால் நீக்கிய கையோடு மறுபடி சேர்த்துவிடுவார்கள். அப்படிப் பட்டியல் நடத்தும் ஸ்பாம்ஹாஸின் தளத்தில் ஐபியைக் கொடுத்துப் பார்த்தேன், என்ன நடந்தது, என்ன சரிசெய்தேன் என்று எழுதினேன், நீக்கினார்கள். பணம் கட்டினால் உடனே நீக்குகிறோம் என்று சொன்ன ஒரு பட்டியலைக் கண்டுகொள்ளவில்லை, அது தானாகக் காலாவதியானது. பட்டியலில் பெயர் போனாலும் பெரிய மெயில் சேவைகளின் மனதில் போகச் சில வாரம் ஆகிறது. அதுவரை ரிலேஹோஸ்ட் என்ற வரியில் கட்டணச் சேவை ஒன்றின் முகவரியைக் கொடுத்து, வெளியே போகும் மெயிலை அவர்கள் வழியாக அனுப்பினேன். பெயரில் ரிலே இருந்தாலும் இதற்கும் ஓப்பன் ரிலேக்கும் சம்பந்தம் இல்லை.

இப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வரிசையை எண்ணுகிறது. முப்பதைத் தாண்டினால் என் போனுக்கு டெலிகிராமில் செய்தி வரும். மெயிலில் அனுப்பினால் அதுவும் அந்த வரிசையிலேயே போய் நிற்கும் என்பதால்.

போன மாதம் அந்த ரௌட்டரும் அடிக்கடி தொங்க ஆரம்பித்தது. அதே ஆள் வேறொரு பெட்டியோடு வந்தார். போர்ட்களை ஃபார்வர்ட் செய்துவிட்டு, “அண்ணே, அஞ்சு நிமிஷம் இருங்க” என்று அவரை உட்காரச் சொல்லி, சென்னைக்குப் போன் போட்டேன். “நெட்டு வருதுல்ல சார், அப்புறம் என்ன?” என்றார். அம்மா காபி கொண்டுவந்தார். நண்பன் டெல்நெட்டில் நுழைந்ததும் லாகில் வரி விழுந்தது. 192.168.1.1. இந்தப் பெட்டியிலும் அதே டிக் இயல்பிலேயே போட்டுத்தான் வந்திருக்கிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் வெளி முகவரி ஒன்றை அடித்திருப்பான் போல. அடுத்த வரி 554.

“வந்துடுச்சுங்களா?” என்றார் அவர், டம்ளரைக் கீழே வைத்தபடி. டிக்கை எடுத்துவிட்டு, இன்னொரு முறை வரச் சொன்னேன் நண்பனை.